கையொப்பமும் கைத்திறனும்

இல்லத்தில் நாம் நாள்தோறும் பழகும் ஆற்றல்களுள் மின்சாரத்தைப்போல் அடங்கியிருந்து ஏமாற்றுவது பிறிதொன்றில்லை. நெருப்பு தன் வரவைப் புகையால் அறிவிக்கும். வெள்ளம் ஓசையால் அறிவிக்கும். மின்சாரமோ கண்ணுக்குப் புலனாகாது. தொட்ட பின்னரே தன் இருப்பைச் சொல்லும். சொல்லும்பொழுது கேட்பவன் உயிரோடிருப்பது உறுதியன்று. இத்தகையதொன்றைச் சுவருக்குள் ஓடவிட்டு, அச்சுவரின் அருகிலேயே பாய் விரித்து உறங்குகின்றோம். அங்ஙனம் உறங்கத் துணிவது, கம்பியைப் பதித்த ஒருவனை நம்பியே அன்றோ? அந்நம்பிக்கைக்கு ஆதாரம் அவனுடைய கைத்திறனா, அல்லது யாரோ ஒருவர் தாளில் இட்ட கையொப்பமா? பௌதிகம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வினா நெடுநாளாக மனத்தை உறுத்தி வந்தது. ஆராய்ந்தறிந்தவற்றையும் கண்ணாற் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் ஆபத்தின் அளவை அறிதல் வேண்டும். 60 வாட் விளக்கொன்று 230 வோல்ட்டில் எரியும்பொழுது அதன் வழியே ஏறத்தாழ 260 மில்லியாம்பியர் மின்னோட்டம் செல்லுகின்றது. மனித உடலிலோ 10 மில்லியாம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகிப் பற்றிய கம்பியை விட இயலாமற் போகலாம். 30 மில்லியாம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் சிறிது நேரம் நீடிப்பின் இதயத்தின் துடிப்பு சிதறி உயிர் போதலும் கூடும். ஓர் எளிய விளக்கு உண்பதில் ஒன்பதில் ஒரு பங்கு ஒருவன் உயிரை உண்ணப் போதுமானது. ஐந்து ஆம்பியர் உருகிக்கம்பி, அதாவது பியூஸ், இச்சிறு ஓட்டத்தைக் கண்டு உருகுவதில்லை. அது கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காவாது. மனிதனைக் காப்பன முறையான எர்த்து இணைப்பும், 30 மில்லியாம்பியர்க் கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தை அறுக்கும் கருவியுமே. பியூஸ் இருக்கின்றது என்று மனம் தேறியிருப்போர் இவ்வேற்றுமையைக் கருத்திற் கொள்வாராக.

இவ்வாபத்தை உணர்ந்து மனிதர் விதி வகுக்கத் தொடங்கியது இன்று நேற்றன்று. 1882-ஆம் ஆண்டில், மின்விளக்குகள் வீடுகளில் அப்பொழுதுதான் புகுந்துகொண்டிருந்த காலத்தில், இலண்டனில் இருந்த தந்திப் பொறியாளர் சங்கத்தார் தீ விபத்தைத் தடுக்கும் பொருட்டு நான்கே பக்கங்களில் விதிகளை அச்சிட்டனர். அந்நான்கு பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 2018-இல் பதினெட்டாம் பதிப்பாக ஒரு பெருநூலாயின. நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் விதிகளும் நெடுங்காலம் ஆட்சி செய்தன. பின்னர் 2003-ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதன்கீழ் 2010-இலும் 2023-இலும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வெளியாயின.

இவற்றுள் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டின் நாற்பத்தைந்தாம் விதியாக இருந்து, பின்வந்த ஒழுங்குமுறைகளிலும் தொடர்வது அது. வீட்டின் மின்னமைப்பில் சேர்த்தலோ மாற்றுதலோ பழுதுபார்த்தலோ செய்ய வேண்டின், அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வாயிலாக, தகுதிச் சான்று பெற்றவருடைய நேர் மேற்பார்வையில், அனுமதி பெற்ற பணியாளரைக் கொண்டே செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்விதியே ஒரு விலக்கையும் தருகின்றது. விளக்கு, விசிறி, உருகி, சுவிட்சு, வீட்டுச் சாதனங்கள் முதலியவற்றை அகற்றி வேறு பொருத்துவது, அமைப்பின் கொள்திறனையும் தன்மையையும் எவ்வாற்றானும் மாற்றாதாயின், அதற்குத் தடையில்லை. பழுதான சுவிட்சைக் கழற்றி அதே இனத்துச் சுவிட்சை வைப்பது மாற்றீடு. அச்சுவிட்சுப் பெட்டியிலிருந்து புதுக்கம்பி இழுத்துப் புறக்கடையில் நீரிறைக்கும் மோட்டாருக்குக் கொண்டுபோவது மாற்றம். முன்னதில் வீட்டுக்காரர் தம் கையை நம்பலாம், பின்னதில் நம்பலாகாது. அறிவுக்கும் ஆர்வத்துக்கும் இடையே விதி இட்ட எல்லைக்கோடு இதுவே. எனினும் அக்கோட்டைத் தாண்டுவோருட் பலர் அப்படியொரு கோடு உண்டென்பதையே அறியார்.

பிற நாட்டினர் இக்கோட்டை வெவ்வேறிடத்தில் வரைந்துள்ளனர். ஆஸ்திரேலியாவில், சுவரிற் பதித்த மின்னமைப்பை உரிமம் இல்லாதவர் தொடுதலே குற்றம். தம் சொந்த வீடாயினும் விலக்கில்லை. அண்டை நாடாகிய நியூசிலாந்திலோ, தாம் குடியிருக்கும் வீட்டின் கம்பிவேலைகள் சிலவற்றை வீட்டுக்காரரே செய்துகொள்ள 2004-ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவை இடங்கொடுக்கின்றது. ஆனால் உரிமம் பெற்ற ஆய்வாளர் சோதித்துச் சரியென்று சொன்ன பின்னரே அதில் மின்சாரம் பாய்ச்சலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வீட்டு மின்வேலையும் கட்டட விதிகளுக்குள் அடங்கியது. பதிவு பெற்ற பணியாளர் தம் வேலைக்குத் தாமே சான்றளிக்கலாம். ஏனையோர் குறிப்பிட்ட வேலைகளை உள்ளூர்க் கட்டட அதிகாரிக்கு அறிவித்துச் சோதனைக்கு உட்படுத்துதல் வேண்டும். அவ்வாறு அறிவிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் 2013-இல் இங்கிலாந்தில் சுருக்கப்பட்டது. ஒரு நாடு செய்பவனைப் பார்க்கின்றது. ஒரு நாடு செய்த வேலையைப் பார்க்கின்றது. மற்றொரு நாடு இரண்டையும் ஒருவாறு கலந்து பார்க்கின்றது. நம் விதி செய்பவனையும் பார்க்கச் சொல்லுகின்றது, வேலையையும் சோதிக்கச் சொல்லுகின்றது. ஏட்டளவில் அது குறையுடையதன்று. நடைமுறையில் அஃது எவ்வாறு நழுவுகின்றது என்பதற்கு எங்கள் தெருவில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன்.

எங்கள் நெல்லைச் சீமையில், தாமிரபரணிக் கரையை அடுத்த தெருவொன்றில் குடியிருக்கின்றேன். அங்கே மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரை யாவரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும் நாற்பதாண்டுகளாக இத்தொழிலில் அவர் கை தேர்ந்தது. புது வீடொன்றுக்கு அவர் கம்பிவேலை முழுவதையும் செய்து முடித்தார். மின்னிணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, வேலை முறைப்படி செய்து சோதிக்கப்பட்டது என்னும் அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவர் கையொப்பமிட்டார். அவர் அவ்வீட்டின் வாசற்படியையும் மிதித்ததில்லை. தாளுக்குரிய தொகையை மாத்திரம் பெற்றுக்கொண்டார்.

ஓராண்டு கழிந்தது. வீட்டுத் தோட்டத்திற்கு நீரிறைக்க மோட்டார் ஒன்று வந்தது. வீட்டுக்காரரின் உறவினரான இளைஞர் ஒருவர், படங்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டவர், அடுக்களைப் பெட்டியிலிருந்து இரட்டைக்கம்பி இழுத்து மோட்டாரை இயக்கிக் காட்டினார். மழைக்காலத்தில் ஒருநாள், பாத்திரம் துலக்கும் அம்மையார் நீர்த்தொட்டியருகே மோட்டாரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டார். எறியப்பட்டமையாலேயே பிழைத்தார்; பற்றிக்கொண்டிருந்தால் பிழைத்திரார். உடனே பழி அண்ணாச்சியின்மேல் விழுந்தது. "ஐந்தாம் வகுப்புப் படித்தவனிடம் வீட்டை ஒப்படைத்தது எங்கள் தவறு" என்று வீட்டார் பேசினர். ஒப்பமிட்ட ஒப்பந்ததாரரோ, வேலையைத் தாம் பார்க்கவேயில்லை என்றார். பார்த்துச் சோதித்ததாகவே அவருடைய கையொப்பம் கூறியது. அன்று மாலை அண்ணாச்சி என் திண்ணையில் அமர்ந்து, "வாத்தியாரையா, தாளில் இருக்கும் பெயர் அவருடையது. பழி மட்டும் என் பெயருக்கு வருகிறதே" என்று சொல்லிக் குரல் தழுதழுத்தார்.

எம் கல்லூரியின் பழைய மாணவரும், மேற்பார்வையாளர் தகுதிச் சான்று பெற்றவருமான அன்பர் ஒருவரை வரவழைத்தோம். அவர் பிரதான சுவிட்சை அணைத்து, விளக்குகளையும் சாதனங்களையும் கழற்றிவிட்டு, மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிட நேரம் செலுத்திச் சோதித்தார். மின்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே காப்புத் தடை ஒரு மெகாஓமுக்குக் குறையலாகாது என்பது விதி. அண்ணாச்சி பதித்த கம்பிகளில் அது இருபதுக்கு மேல் நின்றது. எர்த்துக் கம்பியும் தொடர்ச்சி அறாமல் நிலக்குழி வரையிற் சென்றிருந்தது. மோட்டாருக்கு இழுத்த கம்பியை இணைத்துப் பார்த்த மாத்திரத்தில் முள் விழுந்துவிட்டது. ஈரச்சுவரில் நாடா சுற்றிய ஒட்டு ஒன்று. மோட்டாரின் உடலுக்கு எர்த்து இணைப்பே இல்லை. கருவிக்கு ஐந்தாம் வகுப்பும் தெரியாது, பட்டமும் தெரியாது. உள்ளதை உள்ளவாறு காட்டியது. வீட்டார் நாணித் தலைகுனிந்தனர்.

பின்னர் யான் அண்ணாச்சியைத் தகுதித் தேர்வு எழுதுமாறு வேண்டினேன். நம் மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு ஒன்று நடைபெறுகின்றது. இருபத்தொரு வயது நிறைந்து, ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உடையார் எழுதலாம். மேல்வயது வரம்பு இல்லை. அவர் முதலில் இணங்கவில்லை. "நாற்பது வருடம் உழைத்தபின் உதவியாளர் என்று ஒரு பெயரா?" என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், "அண்ணாச்சி, சான்று இல்லாத திறமைக்குப் பழி வரும்பொழுது பேச வாயில்லை" என்றேன். பேரன் வயதுள்ள பிள்ளைகளோடு அமர்ந்து தேர்வு எழுதித் தேறினார். அன்றுமுதல் வேலை முடிந்த வீட்டில் மெகர் வைத்துப் பாராமல் அவர் கூலி பெறுவதில்லை. தம்மை மேற்பார்க்கும் ஒப்பந்ததாரர் நேரில் வந்தாலன்றி வேலையை ஒப்படைப்பதுமில்லை.

இவற்றால் யான் கண்ட உண்மை ஒன்றே. சான்றிதழ் என்பது பெயருக்கு அளிக்கும் மாலையன்று. அளந்தறிந்த ஒன்றைப் பொறுப்போடு கூறும் சாட்சி. அளக்காமல் இட்ட கையொப்பம் பொய்ச்சாட்சியே. அதனால் கெடுவது வீட்டார் மாத்திரமல்லர். நேர்மையாக உழைத்த தொழிலாளியும் கெடுகின்றான், நேர்மையாகச் சோதித்து ஒப்பமிடும் ஒப்பந்ததாரரும் மதிப்பிழக்கின்றார். விதிகளைக் கடுமையாக்குவதால் மாத்திரம் இது தீராது. கடுமை மிகமிகத் தாளின் விலை ஏறுமேயன்றிச் சோதனை பெருகாது. திறமையுடைய எளியோர் சான்று பெறும் வழியை விரிவாக்குதலும், சான்றளிப்போர் வேலையை நேரிற் கண்டனரா என்று வீட்டார் கேட்டறிதலும் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை வீடு கட்டுவீர்கள். சிலர் பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் ஒப்பமிடும் நிலைக்கு உயர்வீர்கள். வீடு கட்டுவோர் வர்ணம் யாது, விளக்கு யாது என்று கேட்பதோடு அமையாது, காப்புத் தடை எத்தனை மெகாஓம், எர்த்துச் சோதிக்கப்பட்டதா, கசிவைக் கண்டு அறுக்கும் கருவி வைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அவ்வெண்களைத் தாளில் எழுதி வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கைவேலையில் ஆர்வமுடையோர் சுவிட்சும் விளக்கும் தாராளமாக மாற்றுங்கள்; புதுக்கம்பி இழுக்கும் எண்ணம் வரும்பொழுது கையை நிறுத்தி, தக்கோரை அழையுங்கள். ஒப்பமிடும் நிலைக்கு உயர்வோர், அத்தாளுக்கு அப்பால் ஈரக்கையோடு ஓர் ஏழைத்தாய் நிற்கின்றாள் என்பதை எண்ணிப் பார்த்து, பிறகு பேனாவை எடுங்கள்.