புகையைப் பார்த்து நோய் சொல்லலாம்

பழைய டீசல் காருக்குப் புகைதான் நாடி. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாக இறங்குகிறது. நீலமென்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம், செலவு பெரிது. காலையில் வெள்ளைப் புகையோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'பூஜி'. மெழுகுவர்த்திக்கும் அங்கே அதே பெயர்தான். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

என் டீசல் அம்பாசடர் அடையாறு பாலம் ஏறும்போது கறுப்பாகப் புகைந்தது. மந்தைவெளி மெக்கானிக் ஒருவர் என்ஜினையே இறக்க வேண்டுமென்றார். பையனோ பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னான். நான் ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். புழுதி அப்பி அடைத்திருந்தது. அதைச் சரிசெய்ததும் புகை அடங்கிற்று. இரண்டு மாதப் பென்ஷன் மிச்சம்.

யாராவது "இறக்கணும் சார்" என்றால், எந்த நிறப் புகைக்காக என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.