அழகர் அலங்கரித்துக்கொண்ட ஊரும் மன்னர் குடியிருந்த மாளிகையும்

மதுரைக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்திருக்கிறது அலங்காநல்லூர். தை பிறந்தால் நாடெங்கும் இவ்வூரின் பெயர் ஒலிக்கும். முனியாண்டி சுவாமியை வணங்கிய பின் வாடிவாசல் திறக்கப்படுவதும், சீறி வரும் காளைகளைக் காண வீடுகளின் மாடிகளிலெல்லாம் மக்கள் நெருக்கியடித்து நிற்பதும் யாவரும் அறிந்தவை. ஆனால் ஊருக்குப் பெயர் வந்தது காளையால் அன்று, கள்ளழகரால். அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வைகையில் இறங்கச் செல்லும் பெருமாள், வழியில் இவ்வூரில் தங்கி அலங்காரம் செய்துகொண்டாராம். அதனால் 'அலங்காரநல்லூர்' என வழங்கி, பின்னர் அலங்காநல்லூர் என மருவிற்று என்பர்.

இன்று அழகர் அவ்வழியே வருவதில்லை. முற்காலத்தில் அவர் வைகையில் இறங்கி மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளித்த இடம், மதுரைக்கு மேற்கேயுள்ள தேனூர். மீனாட்சி திருக்கல்யாணமோ அந்நாளில் மாசி மாதத்தில் நடைபெற்றது. இவ்விரண்டையும் சித்திரையில் இணைத்து, அழகரை மதுரைக்கே வரவழைத்தவர் திருமலை நாயக்கர். அறுவடை முடிந்து குடியானவர்கள் ஓய்ந்திருக்கும் காலத்தில் விழா அமைந்தால், பெருந்தேர்களை வடம் பிடிக்க ஆள் கிடைக்கும் என்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். சைவமும் வைணவமும் ஒரே வீதியில் கைகோத்தன. தேனூரார் இழந்த உரிமைக்கு ஈடாக வண்டியூர் அருகே வைகையில் எழுந்த மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். அலங்காநல்லூருக்கு எஞ்சியது அதன் பெயர் மட்டுமே.

ஊர்களின் விழாவையும் தெய்வத்தின் வழியையும் மாற்றியமைத்த அம்மன்னர் குடியிருந்த வீடு என்ன ஆயிற்று? அலங்காநல்லூரிலிருந்து பேருந்தில் ஏறி மதுரைக்குள் இறங்கும் அன்பர்கள், மீனாட்சி அம்மனைத் தரிசித்த பின் தென்கிழக்கே சிறிது தூரம் நடந்தால் விடை கிடைக்கும்.

1623-இல் பட்டமேறிய திருமலை நாயக்கர் முதலில் திருச்சிராப்பள்ளியில் இருந்தார். தீராத சளிநோயால் வருந்திய அவருக்கு மதுரைச் சொக்கநாதரும் மீனாட்சியும் காட்சி தந்து, தங்கள் பதியிலேயே தங்குமாறு பணித்ததாகவும், நோய் நீங்கிய நன்றியில் அவர் தலைநகரையே மதுரைக்கு மாற்றியதாகவும் ஐதீகம். கோயிலுக்கு அவர் செய்த திருப்பணிகள் பல. தமக்கென அவர் எழுப்பிய மாளிகை 1636-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாளிகைச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளமே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமாயிற்று என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்த திருமேனியே மீனாட்சி கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். விநாயக சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில், அதாவது 18 படி மாவில், ஒரே கொழுக்கட்டை படைக்கப்படும் பெருமானை அறியாதவர் யார்? ஒரு வீடு கட்ட மண் எடுத்த இடத்தில் பிள்ளையாரும் தைப்பூசத் தெப்பமும் ஊருக்குக் கிடைத்தன. வீடுதான் நிலைக்கவில்லை.

1659-இல் திருமலை நாயக்கர் மறைந்தார். சில மாதங்களே ஆண்ட மகனுக்குப் பின் பேரன் சொக்கநாத நாயக்கர் அரியணை ஏறினார். தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. தாத்தாவின் மாளிகையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரவேலைப்பாடுகளையும் கற்களையும் எடுத்துச் சென்றார் என்று வரலாறு கூறுகிறது. பகைவர் படை செய்யாததைப் பேரப்பிள்ளை செய்தார். எஞ்சியதை அடுத்த நூற்றாண்டின் போர்களும் மழையும் பார்த்துக்கொண்டன. இன்று நாம் காண்பது மூல மாளிகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பர். மற்றவை தெருப்பெயர்களாக மிஞ்சியுள்ளன. மங்கல வாத்தியம் முழங்கிய நவபத்கானா ஒரு தெருவாயிற்று. இளவல் முத்தியாலு நாயக்கர் வாழ்ந்த ரங்க விலாசத்தின் தூண்களில் பத்து மட்டும், துணிக்கடைகள் மொய்க்கும் ஒரு சந்தில் தலைக்கு மேல் எதையும் தாங்காமல் நிற்கின்றன. 'பத்துத் தூண்' என்று முகவரி எழுதிக் கடிதம் போடுகிறார்கள். அது ஒரு வீட்டின் எலும்பு என்று சேலை வாங்க வருவோரில் எத்தனை பேர் எண்ணுவார்கள்?

அதே அரசர் திருப்பணி செய்த மீனாட்சி கோயிலை இதனோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்று ஒரு நியதி வகுத்துவைத்தார்கள் முன்னோர். பாலாலயம் செய்து, மூர்த்தியின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, விமானத்து விரிசலையும் தளத்து ஒழுக்கையும் சீராக்கிய பின்பே மீண்டும் கலசநீர் வார்ப்பார்கள். பக்தி என்ற பெயரில் அது கட்டடத்துக்குச் செய்யும் மருத்துவமும் ஆகும். 2009 ஏப்ரல் 8-இல் மதுரையில் அது நடந்தது. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபம் தீக்கிரையானபோது ஊரே துடித்தது. புதிய தூண்களுக்காக நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல் தேடி எடுத்தார்கள். வீட்டுக்கு இத்தகைய நியதி ஏதுமில்லை. கிரகப்பிரவேசம் ஒருமுறைதான். அதன்பின் போகிக்கு முன் வெள்ளையடிப்பதோடு சரி. அந்தப் போகி வெள்ளையைக் குறைவாக எண்ணிவிடவும் கூடாது. ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு, சுவரின் சிறு வெடிப்புகளை அடைத்து, பூச்சிகளை விரட்டி, எத்தனையோ ஓட்டு வீடுகளை நூறாண்டு நிற்க வைத்தது.

நாயக்கர் மாளிகைக்கு இரண்டாம் பிறவி தந்தவர், எதிர்பாராத ஒருவர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இடிந்து கிடந்த மாளிகையைக் கண்டு அதைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். சென்னை மெரினா அருகே கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. சேப்பாக்கத்திலும் திருவனந்தபுரத்திலும் பெரும் கட்டடங்களை வடித்த சிசோம் என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணமும் இப்பணியில் சேர்ந்தது. பழுதுபார்த்த மாளிகையில் நீதிமன்றம் அமர்த்தப்பட்டு, 1970 வரை அங்கேயே இயங்கியது. மன்னர் கொலுவீற்றிருந்த சொர்க்க விலாசத்தைச் சுற்றி வக்கீல்களும் கட்சிக்காரர்களும் நடமாடியது சிலருக்கு உறுத்தலாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே மாளிகையைக் காத்தது. நாள்தோறும் ஆள் புழங்கும் இடத்தில் ஒழுகும் தளம் உடனே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் கூரை விழுந்த பிறகுதான் செய்தி வரும்.

இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பிலிருக்கும் மகாலுக்குள் நுழைந்ததும் விரிந்த முற்றம். சுற்றிலும் கைவிரித்து அணைக்க இயலாத பருமனில் தூண்கள். நேரெதிரே சொர்க்க விலாசம். அதன் நடுக் குவிமாடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் சற்றுநேரம் பேச்சற்றுப் போவார்கள். உத்திரம் எதுவும் தாங்காமல், செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளைந்து நிற்கும் அற்புதம் அது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. முதியவர்கள் வெயில் தாழ்ந்த பின் செல்வது நல்லது. தூண்களில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவைத்துச் சென்ற இளைஞர்களின் கைவரிசையும் கண்ணில் படும். கோயில் தூணில் எண்ணெய்க் கையைத் துடைக்கும் நம் பழக்கத்துக்கு அது தம்பிதான்.

அத்தூண்களின் பளபளப்பு சுதைப்பூச்சால் வந்தது. கடற்கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீர்விட்டு நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்தெடுப்பது காரை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அதில் சேர்ப்பார்கள். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு கலந்த வெண்சாந்து. அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் தோற்கும். இவ்வளவு பாடு எதற்கு, சிமெண்டு போதாதா என்று கேட்போர் உண்டு. பழைய சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் மழையில் குடித்த நீரையும் சுண்ணாம்புப் பூச்சு வழியே மெல்ல வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளிருக்கும் செங்கல்லையும் சேர்த்துக்கொண்டு விழும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே பல பழைய வீடுகளுக்கு எமனாயிற்று. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதிப் பணி முடிந்ததற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கப் பெரியவர்கள் தயங்குவார்கள். அரசமரம் வணங்கத்தக்கதே, ஆனால் அதற்குரிய இடம் குளக்கரை. இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்து, கரையில் நட்டு நீரூற்றினால் மரமும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். ஓராண்டு விட்டுவிட்டால் வேர் செங்கல்லைப் பிளந்து இறங்கியிருக்கும்.

வீட்டைக் காக்க ஆளுநர் வரவேண்டும் என்பதில்லை என்பதற்கு மதுரைக்குக் கிழக்கே செட்டிநாடு சாட்சி. கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார், பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்துக் கட்டிய வளவுகள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வரிசையாக நிற்கின்றன. இக்கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் வாழ்வதோ வெவ்வேறு நாடுகளில். ஆயினும் திருமணம் என்றாலும் முன்னோருக்குப் படைப்பு என்றாலும் அந்த வீட்டுக்கே வந்தாக வேண்டும். அன்று கதவு திறக்கும், முற்றம் கழுவப்படும், ஒட்டடை இறங்கும். அந்தக் கடமையால் நின்ற வீடுகள் பல. பங்காளிகளுள் ஒருவர் கையெழுத்திட மறுத்ததால் ஓடு மாற்றாமல் சரிந்தவையும், ஒருமித்த சம்மதத்தோடு நிலைக்கதவும் தூணும் விலைக்குப் போனவையும் உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளில் கஜலட்சுமியைக் காண்கையில் நெஞ்சு கனக்கும். ஒரு காலத்தில் யாரோ ஒரு மூதாட்டி வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் குங்குமமிட்ட நிலை அது. சில வளவுகள் விடுதிகளாகிவிட்டன. அதைக் குறைகூறுவோரும் உளர். பூட்டிக் கிடந்து கரையான் தின்பதைவிட, விருந்தினர் உறங்கி எழுவது வீட்டுக்குப் பெருமையே.

மீண்டும் மதுரை. மாளிகையும் அன்று, வளவும் அன்று. தெருவோடு தெருவாய் ஒட்டிநிற்கும் ஓர் எளிய வீட்டைக் காணாமல் யாத்திரை நிறைவுறாது. மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு அருகே, சொக்கப்ப நாயக்கன் தெருவில் 11-ஆம் எண் இல்லம். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் பிறந்த வேங்கடராமன், தந்தை சுந்தரமய்யர் மறைந்தபின் சிற்றப்பா சுப்பய்யரின் ஆதரவில் வளர்ந்தது இங்கேதான். 1896 ஜூலையில் ஒருநாள், மாடியில் தனியே இருந்த அந்தப் பதினாறு வயது மாணவனை மரணபயம் பற்றியது. அவன் யாரையும் கூவி அழைக்கவில்லை. பிணம்போல் கைகால் நீட்டிப் படுத்து, 'சாவது எது?' என்று தனக்குள் நோக்கினான். உடலுக்கு அப்பாற்பட்டது தான் என்னும் தெளிவோடு எழுந்தான். அதன்பின் நாள்தோறும் மீனாட்சி சந்நிதிக்கும் அறுபத்துமூவர் திருமேனிகளின் முன்பும் சென்று நின்று கண்ணீர் பெருக்குவான். ஆகஸ்ட் 29-இல், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வீட்டில் தந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். செப்டம்பர் முதல் நாள் அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்தான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும்.

ஞானம் பிறந்த அவ்விடத்தை இடித்துப் பளிங்கு மண்டபம் எழுப்ப அடியார்களுக்கு அன்பு குறைவில்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ரமணாச்ரமத்தின் பராமரிப்பில் 'ரமண மந்திரம்' என்ற பெயரோடு அது வீடாகவே நிற்கிறது. திருச்சுழியில் பிறந்த இல்லமும் 'சுந்தர மந்திரம்' என்று அவ்வாறே போற்றப்படுகிறது. மதுரை வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை படுத்திருந்த அந்தச் சிறிய அறை, வருவோர் தியானத்தில் அமரும் இடமாகியிருக்கிறது. சற்றுத் தொலைவில் கோயில் வீதியின் இரைச்சல். உள்ளே அமர்ந்தால் அது மெல்ல விலகிவிடும். தெற்கு வாசல் வழியே தரிசனம் முடித்து வருபவர்கள் நடந்தே சென்றுவிடலாம்.