எந்தக் கொடிக்காகச் சாவது?

ஐரோப்பாவுக்குப் பொதுவானதொரு ராணுவம் வேண்டும் என்ற பேச்சு, 2022ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு எழுந்த ஒன்று என்றே நண்பர்கள் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இந்தக் கனவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒருமுறை அது கைக்கெட்டும் தூரம் வரை வந்து நழுவியும் இருக்கிறது. ஐரோப்பிய வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் மீண்டும் மீண்டும் சென்று நிற்கும் இடம் அது.

1950. கொரியப் போர் தொடங்கியிருந்தது. மேற்கு ஜெர்மனி ஆயுதமேந்த வேண்டும் என்றது அமெரிக்கா. ஹிட்லரின் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். ஜெர்மானியச் சீருடையை மறுபடியும் காணும் மனநிலையில் பிரான்ஸ் இல்லை. அன்றைய பிரெஞ்சுப் பிரதமர் ரெனே ப்ளெவன் ஒரு வழி சொன்னார். ஜெர்மானியச் சிப்பாய்கள் இருக்கலாம், ஜெர்மானிய ராணுவம் கூடாது. அனைவரும் ஒரே ஐரோப்பியச் சீருடையில், ஒரே ஐரோப்பிய அமைச்சரின் கீழ் நிற்கட்டும். 1952 மே 27 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய சபை 319க்கு 264 என்ற வாக்குகளில் அதைக் கைவிட்டது. தன் ராணுவம் கரைந்துபோவதை டிகாலின் ஆதரவாளர்களால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனி ஆயுதம் பெறுவதைக் கம்யூனிஸ்டுகளால் ஏற்க முடியவில்லை. பெற்ற நாடே பிள்ளையைக் கொன்றது. மறு வருடமே மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்து தனக்கென ஒரு ராணுவத்தை அமைத்துக்கொண்டது. எதைத் தடுக்க அத்திட்டம் பிறந்ததோ அதுவே நடந்தது.

பொதுப்படை வேண்டும் என்பவர்களின் தரப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் டச்சு அமைதிப்படையினர் நின்றிருந்தும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். ஐரோப்பாவின் மனசாட்சியில் இன்னும் ஆறாத புண் அது. அமெரிக்காவை எத்தனை காலம் நம்பியிருப்பது என்ற கேள்வியும் நியாயமானதே.

ஆனால் 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் சுமார் 1500 வீரர்கள் கொண்ட தயார்நிலைப் போர்க்குழுக்கள் இருந்தன. அவை ஒருமுறைகூடக் களத்துக்கு அனுப்பப்பட்டதில்லை. படை இருந்தது, ஆணையிடும் ஒற்றைக் குரல்தான் இல்லை. எப்படி இருக்கும்? ஜெர்மனி தன் வீரர்களை வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பிரெஞ்சு அதிபர் தானே முடிவெடுத்து அனுப்பிவிடலாம். எஸ்டோனியாவின் அச்சம் கிழக்கிலிருந்து வருகிறது, ஸ்பெயினின் கவலை தெற்கே மத்தியதரைக் கடலில் இருக்கிறது. அயர்லாந்தும் ஆஸ்திரியாவும் இன்றும் நடுநிலை நாடுகள்.

ராணுவம் என்பது ஆயுதங்களின் தொகை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சாகச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே அதன் மையம். தொலைவிலிருக்கும் ஓர் அலுவலகம் வரி வசூலிக்கலாம், மீன்பிடிக்கு அளவு விதிக்கலாம். உயிரைக் கேட்க முடியுமா? நார்வா நதிக்கரையில் நாளை ஒரு போர்த்துகீசிய இளைஞன் இறந்தால், லிஸ்பனில் இருக்கும் அவன் தாய் எந்த வாசலில் போய் நியாயம் கேட்பாள்? அடுத்த தேர்தலில் யாரைத் தோற்கடிப்பாள்? இதற்கு விடையில்லாமல் திரட்டப்படும் படை, எத்தனை நவீனமானதாக இருந்தாலும், கூலிப்படையின் சாயலையே கொண்டிருக்கும்.

ஆகவே எனக்கு நம்பிக்கை தருவது பெரிய ஒப்பந்தங்கள் அல்ல, ஓசையின்றி நடந்த ஒரு காரியம். 1940 முதல் ஐந்தாண்டுகள் ஜெர்மானியப் பூட்ஸின் கீழ் கிடந்த நெதர்லாந்து, 2023க்குள் தன் தரைப்படையின் மூன்று போர்ப் பிரிகேடுகளையும் ஜெர்மானிய டிவிஷன்களோடு இணைத்துக்கொண்டது. சேர்ந்தே பயிற்சி செய்கிறார்கள். ஆனால் அவர்களைப் போருக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்வது இன்றும் ஹேக்கில் உள்ள அரசுதான். பாட்டன்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள், பேரன்கள் ஒரே டாங்கியில் அமர்கிறார்கள். நம்பிக்கை இப்படித்தான் தலைமுறைக் கணக்கில் வளர்கிறது. ஐரோப்பா இந்த வழியிலேயே மேலும் செல்லட்டும் என்பது என் தரப்பு. பொதுவான சீருடையைத் தைப்பது எளிது. அதை அணிந்தவன் இறக்கும்போது பொதுவாக அழுவதற்கு ஒரு மக்கள் வேண்டும், அவர்கள் இன்னும் உருவாகிவரவில்லை.