கை நடுக்கம்

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பாதான் ஓட்டினார். 68 வயது. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் இருந்த அவர் விரல்கள் படபடவென்று துடித்தன. பின் சீட்டிலிருந்து அம்மா மெதுவாக என் தோளைத் தொட்டாள்.

“ஸ்டீயரிங் நடுங்குதுடா” என்றார் அப்பா.

நான் நம்பவில்லை. இரண்டு மாதம் முன்புதான் முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க், புது பேட் போட்டிருந்தோம். பில் கட்டியதே நான்தான். புதுசு எப்படி நடுங்கும்?

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அம்மாவிடம் சொன்னேன்: “இனி அப்பா வண்டி எடுக்க வேண்டாம். டாக்டர்ட்ட காட்டுவோம்.” சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அன்னூர் ரோட்டில் 80-இல் போய் பிரேக் அழுத்தினேன். என் கையும் நடுங்கியது.

ஒர்க்ஷாப் அண்ணன் முதலில் வண்டியைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். பிரேக் பிடிக்காமல் போனால் ஆடுதா? இல்லை. அப்படியென்றால் வீல் பேலன்ஸிங் இல்லை. ஆட்டம் ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா? ஸ்டீயரிங்கில். அப்போது முன்சக்கரம். ஆளில்லாத ரோட்டில் மெதுவாகப் போய் ஹேண்ட் பிரேக்கை மட்டும் லேசாக இழுத்தும் பார்த்தோம். ஆட்டமில்லை. பின்சக்கரத்தின் மேலிருந்த சந்தேகமும் போனது.

“டிஸ்க் பெண்டாயிருச்சாங்ணா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி. நெசமா பெண்டாகறது அபூர்வம்.”

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கை நட்டுப் போட்டு இறுக்கி, அதன் ஓரத்தில் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் 0.11 மில்லிமீட்டர் ஆடியது. 0.05-க்குள் இருக்க வேண்டுமாம். ஆட்டம் அதிகமான இடத்தில் ஹப்பிலும் டிஸ்கிலும் சாக்பீஸால் கோடு போட்டார். டிஸ்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி சுற்றினார். மேடு டிஸ்கோடு நகரவில்லை, ஹப்பில் போட்ட கோட்டிலேயே நின்றது.

கோளாறு புது டிஸ்கில் இல்லை. அது உட்காரும் பழைய ஹப்பில்.

கழற்றிக் காட்டினார். பதினோரு வருஷத் துரு, ஒரு பக்கம் மட்டும் பொருக்காக ஏறியிருந்தது. அந்தப் பொருக்கு மேல் உட்கார்ந்த டிஸ்க் கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்து சுற்றியிருக்கிறது. பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே மேடு பேடில் உரசி உரசி, அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதனால்தான் மாட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூவாயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரிந்தது. மைக்ரோமீட்டரில் எட்டு இடத்தில் அளந்தார். கனத்தில் 0.02 வித்தியாசம். ஒரு தலைமுடியில் பாதிகூட இல்லை. அவ்வளவுதான், ஸ்டீயரிங்கை ஆட்டுவதற்கு.

“அன்னிக்கு ஹப்பைச் சுரண்டாம மாட்டிட்டேன். என் தப்புதான் தம்பி” என்றார்.

அவர் தப்பு மட்டுமில்லை. அன்றைக்கு அவர் தலைக்குமேல் நின்று, “மீட்டிங் இருக்குதுங்ணா, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்று மூன்று தடவை சொன்னவன் நான்தான். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

ஒயர் பிரஷ், எமரி பேப்பர் போட்டு ஹப் பளபளக்கும்வரை தேய்த்தார். டிஸ்குகளை லேத்தில் கொடுத்துச் சமன் செய்து வந்து மாட்டினார். முள் இப்போது 0.03. நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவில் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கினார். “60-ல போயி 20 வரைக்கும் பிரேக் பிடிங்க, பத்துத் தடவை. முழுசா நிறுத்திராதீங்க, பேட் ஒட்டிக்கும்.”

வீட்டுக்கு வந்து சாவியை அப்பாவிடம் நீட்டினேன். என்ன கோளாறு என்று விளக்க ஆரம்பித்தேன். ஹப், துரு, டயல் கேஜ் எல்லாம் சொன்னேன். சமையலறையில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அன்னூர் ரோட்டில் அவரே ஓட்டினார். 60, பிரேக், 20. மறுபடி 60. பத்தாவது தடவை முடிந்ததும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“கை நடுங்குதா, பாரு?”

பார்த்தேன். அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் அசையாமல் இருந்தன. “இல்லீங்கப்பா” என்றேன்.