தனியறைச் சீட்டு

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில், 1913-இல் திறக்கப்பட்ட சேச்செனி வெந்நீர்க் குளியலகம் உள்ளது. சிறுவயதில் முதுகில் பட்ட தீக்காயத்தின் தழும்பை மறைக்கக் கடலிலும் சட்டையோடு குளித்தவன் நான். எனவே, கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியறைச் சீட்டுப் பெற்றேன். உடைமாற்ற ஒரு சிற்றறையும் தாழிட ஒரு கதவும் கிடைத்தன. குளமோ அனைவருக்கும் பொதுவே!

நெடுநேரம் தயங்கி வெளியே வந்தேன். ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து எழும் வெந்நீர், ஆவி பறக்க, இதமாக இருந்தது. மார்பளவு நீரில் முதியோர் சிலர் சதுரங்கம் ஆடினர். ஒருவர் மார்பின் நடுவே நெடிய அறுவைத் தழும்பு. அதனை அவர் மறைக்கவில்லை. சற்றே ஒதுங்கி எனக்கு இடமளித்தார்.

காசு கொடுத்து வாங்கிய கதவு என் தழும்பைச் சிறிதுநேரம் மறைத்தது. என் கூச்சத்தைக் கரைத்ததோ, அம்முதியவர் விலையின்றித் தந்த ஒரு முழ இடமே.