கத்தியைக் கீழே வைத்தவர்

அஹிம்சை என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். திருப்பி அடிக்கத் தெம்பில்லாதவன் சொல்கிற சமாளிப்பு என்று ஒரு நினைப்பு. காலை எட்டரை மணி ஆவடி ட்ரெயினில் இடி வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு வேறு எப்படி ஸார் தோன்றும்?

அந்த நினைப்பு உள்ளவர்களுக்கு வேதாரண்யத்து நாவிதர் வைரப்பனைத் தெரிந்திருக்காது.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் 98 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார்கள். 150 மைல், 15 நாள் நடை. தினமும் நம்ம அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்கு நடக்கிற மாதிரி. அதுவும் சித்திரை வெயிலில்!

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் சும்மா இருப்பாரா? தொண்டர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று அறிவித்தார். ஜனங்கள் கல்லெடுக்கவில்லை. சோற்றைப் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரத்தை அரெஸ்ட் பண்ண முடியுமா? ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார்.

அந்த நாட்களில்தான் வைரப்பன், போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்தார். ஒருநாள் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் வழித்தபிறகுதான் அவர் போலீஸ் என்று தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: கையில் கத்தி, எதிரே போலீஸ்காரரின் தொண்டை! வைரப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட் மீதியை வழித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றார். 6 மாதம் ஜெயில்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் தோன்றும். இந்த 'மாட்டேன்'-க்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? போகப்போவதை எல்லாம் மனசுக்குள் முன்கூட்டியே செலவு எழுதிவிட்டவனுக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் சட்டையைக் கழற்றி முழ வேட்டிக்கு மாறினாரே, அதுவும் இந்தக் கணக்குதான். வெள்ளைக்காரனிடம் விடு என்று கேட்பதற்கு முன்னால், தான் எதையெல்லாம் விடலாம் என்று பார்த்தார்.

எங்கள் தெருவில் ஒருத்தர் இருக்கிறார். எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் செக்கிங் வேலை. கழித்துப் போட்ட பீஸ்களை 'ஓகே' என்று ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னார் முதலாளி. நம்மவர் உடனே வீரவசனம் பேசவில்லை. தனக்கு மேலே ஒரு ஆள் போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லி நாலு மாதம் தள்ளினார். அதற்குள் சிகரெட்டை விட்டார். பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு மாறினார். முதலாளியிடம் வாங்கியிருந்த அட்வான்ஸைக் கடைசி ரூபாய்வரை அடைத்தார். அப்புறம்தான் போய்ச் சொன்னார்: "நான் எழுத மாட்டேன் ஸார். கோபம் ஒண்ணும் இல்லே."

"நேரா நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கடன்காரன் குரல் ஏறாது தம்பி," என்றார்.

முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நைட் ஷிஃப்டுக்கு மாற்றினார். இன்றுவரை அதேதான். நான் டிபனுக்கு உட்காரும் நேரத்தில் அவர் சோற்று டப்பாவோடு எதிர்ப்பக்கமாகப் போகிறார். பட்டறையில் செக்கிங் ரிஜிஸ்டர் இப்போது வேறொருத்தர் கையில். அந்தப் பையனும் போன வாரம் இவரிடம் வந்து, அட்வான்ஸை எப்படி அடைத்தீர்கள் என்று விசாரித்தானாம்.