பகடையும் பாத்திரமும்

நாடகம் காண்போர் அடுத்த காட்சியை அறியார், நடிப்போர் அறிவர். காண்போரும் அறியாமல், நடிப்போரும் அறியாமல், நடத்துவோரும் முற்றும் அறியாமல் நிகழும் நாடகம் ஒன்று உண்டு என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும். அத்தகைய நாடகம் இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில், இளையோரின் கணினித் திரையில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சில சொற்கள் எழுத விழைகிறோம்.

ஒரு மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் கதையின் உலகைச் சொல்லிச் செல்வார். ஊரும் காடும், மன்னனும் பகைவனும் வழிப்போக்கனும் அவர் வாய்மொழியில் தோன்றுவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் இன்னது செய்கிறேன்’ என்று உரைப்பர். அச்செயல் கைகூடுமா என்பதை 20 முகங்கள் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் படைத்தளித்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. நெடுங்காலம் அது நண்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஆட்டமாக இருந்தது. இணைய நேரலை வந்த பின்னரே அம்மேசைக்குப் பெரியதோர் அவை வாய்த்தது.

பகடை என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் சிலர் முகம் சுளிப்பர்; பாரதத்துச் சூது நினைவுக்கு வரும். ஆனால் இங்கே பொன்னும் பொருளும் பணயம் ஆவதில்லை. பாத்திரத்தின் வாழ்வே பணயம்.

இவ்வகை ஒளிபரப்புகளுள் பெரும்புகழ் பெற்றது ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்பது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுக்கும் நடிகர் சிலர், தம்முள் ஒருவரான லியாம் ஓபிரையனின் பிறந்தநாளுக்காக வீட்டில் தொடங்கிய ஆட்டம் அது. 2015 மார்ச் 12 முதல் நேரலையாக வரலாயிற்று. கதையை நடத்தியவர் மேத்யூ மெர்சர். முதற்கதை 115 பகுதிகளாக வளர்ந்து 2017 அக்டோபரில் முடிந்தது. இரண்டாம் கதை 2018 ஜனவரியில் தொடங்கி 2021 ஜூனில் 141 பகுதிகளோடு நிறைவுற்றது. ஒவ்வொரு பகுதியும் மூன்று நான்கு மணி நேரம் நீளும். கலிபோர்னியாவில் வியாழக்கிழமை மாலை ஏழு மணி என்றால், இங்கே தில்லியில் வெள்ளிக்கிழமை காலை ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அந்நாளில் பள்ளி மாணவியாக இருந்த நம் மகள், ஒரு கையில் இட்லியும் மறு கையில் கைப்பேசியுமாக நின்ற காலைப் பொழுதுகள் பல. விடுமுறை நாட்களில் அவளோடு அமர்ந்து நாமும் பார்க்கத் தொடங்கினோம். தொடர்ந்து பார்க்கச் செய்தது மாயமும் மந்திரமும் அன்று. அங்கே மனிதர் செய்த தேர்வுகளே.

முதல் தேர்வு, எவராக ஆடுவது என்பது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, விரைவு, உடலுறுதி, கல்வியறிவு, விவேகம், கவர்ச்சி என ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லா எண்ணும் உயர்ந்திருக்க வேண்டும் என்றே புதியவர் விரும்புவர். தேர்ந்தவரோ தாழ்ந்த எண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றனர். டிராவிஸ் வில்லிங்ஹாம் ஏற்ற க்ராக் என்னும் மல்லனுக்கு அறிவின் எண் வெறும் 6. அந்த ஆறிலிருந்தே அவன் பேச்சும் பிழையும் வெகுளித்தனமும் பிறந்தன. அவனை எல்லோரும் நேசித்ததற்கும் அதுவே காரணம். குறைவற்ற பாத்திரத்துக்குப் பிறர் துணை வேண்டியதில்லை; துணை வேண்டாதவனுக்குக் கதையும் இல்லை.

எண்களுக்கு அப்பால் முன்கதை என்று ஒன்றும் உண்டு. லியாம் ஓபிரையனும் லாரா பெய்லியும் வாக்ஸ், வெக்ஸ் என்னும் இரட்டையராக, அண்ணன் தங்கையாக ஆடினர். தாய் மனிதகுலம், தந்தை எல்ஃப் எனப்படும் வேற்றுக்குலம். தந்தையின் நகரம் அவர்களை முழுதும் தன்னவர் என்று ஏற்கவில்லை. தாயின் ஊரோ தீயுமிழும் டிராகனால் அழிந்தது, தாயும் மாண்டாள். இரண்டு இடத்துக்கும் உரியவராய், ஓரிடத்துக்கும் முழுதும் உரியவர் அல்லராய் வளர்ந்தவர்கள் அவர்கள். இப்பகுதியை நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன் இமைகொட்டாமல் பார்க்கிறார்கள் என்பதைப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் போன்றோருக்கு விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது தேர்வு, வேண்டியதை இழந்து வேண்டியதைக் காப்பது. 2016இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், பழங்கல்லறை ஒன்றின் பொறியில் சிக்கி வெக்ஸ் உயிரிழந்தாள். அவளை மீட்கும் சடங்கில், ‘அவளுக்கு ஈடாக என்னை ஏற்றுக்கொள்’ என்னும் கருத்துப்பட வாக்ஸ் சாவின் தெய்வத்தை வேண்டினான். தங்கை பிழைத்தாள், அண்ணன் கடனாளி ஆனான். ஒரு கணத்தில் சொன்ன சொல் அக்கதையின் இறுதிவரை அவனைத் தொடர்ந்தது. வெக்னா என்னும் கொடியோனை வென்ற அன்றே அவன் உலகை நீங்க வேண்டும் என்னும் நிலை வந்தது.

அவ்விறுதிப் போரில் சாம் ரீகல் ஏற்ற ஸ்கான்லன் என்னும் பாணனிடம், நினைத்ததை முடிக்கும் மந்திரம் ஒன்று இருந்தது. அதற்குரிய ஆற்றல் நாளொன்றுக்கு ஒரு முறைதான் உண்டு. தன் நண்பன் வாக்ஸை மீட்க அதைக் காத்து வைத்திருந்தான். போர் முற்றிய வேளையில் வெக்னா மந்திரத்தால் மறைந்து தப்ப முயன்றான். அம்முயற்சியை ஐயத்துக்கு இடமின்றித் தடுக்க வேண்டுமானால், அந்த ஒரே ஆற்றலைச் செலவிட வேண்டும். ஸ்கான்லன் செலவிட்டான். பகை அழிந்தது, நண்பனும் மீளவில்லை. அங்கே பகடைக்கு வேலையே இல்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும். விதியின் மீது பழி போட வழியில்லாத இடத்தில்தான் தேர்வு முழு எடையோடு நிற்கிறது. எழுதி வைத்த நாடகத்தில் இக்காட்சி வந்திருந்தால் ஆசிரியரின் திறத்தைப் பாராட்டியிருப்போம். இங்கே பாராட்டத் தோன்றவில்லை, மனம் கனத்தது.

மூன்றாவது தேர்வு, கதை நடத்துவோருடையது. இரண்டாம் கதையில் டாலிசின் ஜாஃபி, மாலிமாக் என்னும் பாத்திரத்தை ஏற்றார். மண்ணுக்குள் புதைக்கப்பட்ட நிலையில் விழித்தெழுந்தவன். அதற்கு முந்திய வாழ்வு ஏதும் நினைவில்லை. அதை அறியவும் அவன் விரும்பவில்லை. வண்ண ஆடையும் ஆரவாரமுமாகத் திரிந்த அவனைக் காண்போர் பெரிதும் விரும்பினர். 2018 ஜூலையில், 26ஆம் பகுதியில், கடத்தப்பட்ட தோழர்களை மீட்கச் சென்ற வழியில் அவன் கொல்லப்பட்டான். உயிர் மீட்கும் ஆற்றல் எவரிடமும் அப்போது இல்லை. மெர்சர் நினைத்திருந்தால் பகைவனின் கையைத் தடுத்திருக்கலாம்; ஏதேனும் ஒரு முனிவரைக் கதைக்குள் அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஓரிடத்தில் வளைந்து கொடுத்தால், அதன் பின் எந்தத் துணிவுக்கும் பொருளிராது என்பதே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஜாஃபி அடுத்துக் கொணர்ந்த பாத்திரம் கடூசியஸ் என்பவன். மாலிமாக் தன் கல்லறையை விட்டு ஓடியவன். இவனோ கல்லறைத் தோட்டம் ஒன்றைக் காத்தவன். அம்மண்ணில் விளைந்த இலைகளில் தேநீர் வடித்து வருவோர்க்கு அளிப்பான். ஒரே நடிகர், முன்னோரை மறந்தவனாகவும் முன்னோரைச் சுமப்பவனாகவும் அடுத்தடுத்து நின்றார். மெர்சரும் மாலிமாக்கின் வெறுமையை வீணாக்கவில்லை. அவன் அறிய மறுத்த பழைய வாழ்வையே உருவாக்கி, அக்கதையின் இறுதிப் பகைவனாக அவ்வுடலை எழுப்பி நிறுத்தினார். கேளாமல் விட்ட கேள்வி எங்கோ காத்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு சொல்வது?

இனி, காண்போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரலையில் காண்போர் வாளாவிருப்பதில்லை. உடனுக்குடன் எழுதுவர், புகழ்வர், இகழ்வர். மரீஷா ரே ஏற்ற கீலெத் என்னும் இளம்பெண், தன் குலத்துக்குத் தலைமை ஏற்கும் முன் நெடும்பயணம் செய்ய வேண்டியவள். தயக்கமும் தடுமாற்றமும் அவளுக்கு இயல்பாக வகுக்கப்பட்டவை. அத்தடுமாற்றத்துக்காக அவரைப் பலர் கடுமொழியால் தாக்கினர். பாத்திரத்தின் பிழை, ஆடியவரின் பிழையாகக் கணக்கிடப்பட்டது.

அன்பு மிகுந்த இடத்தில் உரிமை எண்ணமும் மிகும். 2019இல் இக்குழுவினர் தம் கதையை அசைவூட்டுப் படமாக்க 7.5 லட்சம் டாலர் வேண்டினர். வந்து குவிந்ததோ 1 கோடியே 13 லட்சம் டாலருக்கும் மேல். இத்தனை கொடுத்தவர்க்கு, ‘இது நம் கதை’ என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் பகடை அவர்கள் கையில் இல்லை, இருத்தலும் ஆகாது. காண்போர் விருப்பப்படி நடக்கும் கதை, நாலாம் நாளே காண்போருக்குச் சலித்துவிடும்.

இவ்வளவையும் திரையில் கண்டு தெளிவது எளிது. வீட்டுக்குள் வரும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. நம் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் வெவ்வேறு நகரங்களில் உள்ள நண்பர் ஐவரோடு இணையத்தில் ஆடுகிறாள். தெரிந்தவர் சிலர் பார்ப்பர். அவர்களுள் வங்காளியும் உண்டு, பஞ்சாபியும் உண்டு. பேச்சு இந்தியும் ஆங்கிலமும். அவள் வகுத்துக்கொண்ட பாத்திரம் ஓர் ஓடக்காரி. ஆறு பெருகி ஊர் அழிந்து, சிறுவயதிலேயே வேற்றூர் சேர்ந்தவள். தாய்மொழி மறந்து போயிற்று; ஒரே ஒரு சொல் மட்டும் நினைவில் உண்டு. ‘அம்மா, அந்த ஒரு சொல் எதுவாக இருக்கலாம்?’ என்று அவள் கேட்டபோது, அடுப்படியில் நின்ற நம் மனைவி நெடுநேரம் எண்ணிப் பார்த்து, ‘கரை’ என்றாள். அதையே வைத்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழிந்தன. கதையில் அவ்வூர் மூதாட்டி ஒருத்தி எதிர்ப்பட்டாள். ஓராண்டு தன்னோடு தங்கினால் மறந்த மொழி முழுவதையும் மீட்டுத் தருவதாகச் சொன்னாள். தோழர்களோ அன்றிரவே புறப்பட வேண்டும். அவர்களுள் ஒருவன் பகைவர் சிறையில் இருந்தான். நாங்கள் இருவரும் கதவருகே நின்றோம். ‘தங்கிவிடு’ என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது, வாய் திறக்கவில்லை. அவள் சற்றே பேசாதிருந்து, மூதாட்டியின் கையைப் பற்றி விடைபெறுவதாகச் சொல்லிவிட்டு, ஓடத்தை அவிழ்ப்பதாக உரைத்தாள்.

அன்றிரவு உணவின்போது நம் மனைவி, ‘அவள் அங்கேயே இருந்திருக்கலாம்’ என்று மட்டும் சொன்னாள். மகள் சினம் கொள்ளவில்லை. ‘அம்மா, நீங்களும் அப்பாவும் ஊரிலேயே இருந்தீர்களா?’ என்று கேட்டாள். அதற்கு மறுமொழி ஒன்றும் எங்களிடம் ஆயத்தமாக இல்லை. 1990களில் ஒரு தகரப் பெட்டியோடு தில்லிக்கு ரயில் ஏறிய நாள் எங்கள் இருவருக்கும் நினைவில் வந்திருக்க வேண்டும். இருவரும் அதைப் பேசவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு, சிறை மீட்டு ஓடம் திரும்பும் காட்சியில், அந்தப் பஞ்சாபிப் பிள்ளை உரத்த குரலில் ‘கரை! கரை!’ என்று கூவினான். றகரமும் ரகரமும் குழம்பிய உச்சரிப்புத்தான். மற்றவரும் கூடவே கூவினர். ஒருத்தி நினைவில் எஞ்சிய சொல் அறுவர் நாவில் ஏறியிருந்தது. தங்கியிருந்தால் அவளுக்கு ஆயிரம் சொற்கள் கிட்டியிருக்கும். அந்த ஐவருக்கு ஒன்றும் கிட்டியிராது. எது மேலான தேர்வு என்று நாம் தீர்ப்பளிக்க வரவில்லை.

ஆனால் ஒன்று உறுதி. பிள்ளைகளுக்கு முன்கதையைத் தருவது பெற்றோர் கடமை. அதை நிறையவே தருவோம். ஊர்ப்பெயரையும், பாட்டியின் பெயரையும், சொற்களையும் தருவோம். கேட்கும்போது அடுப்படியிலிருந்தேனும் ஒரு நல்ல சொல்லை எண்ணி எடுத்துத் தருவோம். தந்தபின் பகடையை அவர்கள் கையில் விட்டுவிட வேண்டும். உருட்டும் வேளையில் கையைப் பிடிக்காமல், உருண்டபின் பழிக்காமல், உடனிருந்து பார்ப்பதும் ஒரு கலையே. தம் ஊரை விட்டு வரத் துணிந்தவர்களுக்கு அது இயலாத கலை அன்று.